கட்டத்துக்குள் ஓர் ஓவியம்

இல்லமும் கலையும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், பிள்ளைகளை எப்படிப் பயனுள்ள முறையில் ஈடுபடுத்துவது என்ற கவலை தாய்மாருக்கு வந்துவிடுகிறது. முன்னாளில் வெயிலில் சுற்றுகிறார்களே என்று வருந்தினோம். இன்றோ கைப்பேசியைக் கையில் எடுத்தால் கீழே வைப்பதில்லையே என்று வருந்துகிறோம். பிடுங்கி வைத்தால் அழுகை, கொடுத்துவிட்டால் அடிமைத்தனம். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. பிள்ளைகள் கண்ணிமைக்காமல் பார்க்கும் அந்த விளையாட்டுப் படங்கள் எவ்வாறு ஆக்கப்பட்டன என்பதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களையே ஆக்குவோராக மாற்றுவதே அது. இம்மாதம் அத்தகைய ஒரு கலையைப் பற்றியும், அதைத் தொடங்குவோர்க்கு உரிய பயிற்சிகளைப் பற்றியும் காண்போம்.

கணிப்பொறித் திரையில் நாம் காணும் எப்படமும் மிகச் சிறிய சதுரங்களால் ஆனது. அச்சதுரம் ஒவ்வொன்றுக்கும் பிக்சல் என்று பெயர். சதுரங்கள் கண்ணுக்குத் தெரியும்படியே வைத்து, ஒவ்வொன்றையும் எண்ணி, நிறமிட்டு வரைவது பிக்சல் ஓவியம். இக்கட்டுரையில் இதனைக் கட்ட ஓவியம் என்றே வழங்குவோம். பெயர் புதியதாயினும் பொருள் நமக்குப் புதியதன்று. இத்தாலி நாட்டு இரவென்னா நகரில் கி.பி. 547-இல் அர்ச்சிக்கப்பட்ட புனித வித்தாலிஸ் ஆலயத்தில், வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து ஆக்கிய படங்களை இன்றும் காணலாம். அருகில் நின்றால் அவை வெறும் துண்டுகள். எட்ட நின்றால் ஆண்டவரின் திருமுகம். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவில் கரைக்கும் முந்தானைக்கும் உரிய வடிவங்களைக் கட்டத் தாளில் வரைவதும் இதே முறைதான். கன்னியர் மடங்களில் நம் பெண்கள் கற்ற கிராஸ் தையலும் கட்டத்தை எண்ணிப் போடுவதே. வாசலில் நேர்ப்புள்ளி வைத்துக் கோலமிடும் பாட்டிக்கு இக்கலையின் பாதி ஏற்கெனவே கைவந்தது.

கோலத்துக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவை முதலில் ஆராய்ந்தவர்களுள் நம் தமிழகத்தாரும் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணியும் அவர்தம் துணைவியார் இராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனுடன் இணைந்து, கோல வடிவங்களைக் கணித விதிகளால் உருவாக்கும் முறையைப் பற்றி 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். எழுத்தறியாத ஒரு கிராமத்துப் பெண் விடியற்காலையில் போடும் கோலத்துக்குள் அத்தகைய ஒழுங்கு இருக்கிறது என்பதை உலக அறிஞர் அறியச் செய்த பணி அது.

கணிப்பொறிக்குள் செலுத்தப்பட்ட முதற் புகைப்படத்தின் கதையோ ஒரு குடும்பக் கதை. 1957-இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் என்னும் பொறியாளர், புகைப்படத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்தும் கருவியொன்றைத் தம் துணைவருடன் அமைத்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த படம் எது தெரியுமா? மூன்று மாதமே ஆன தம் மகனின் படம். பக்கத்துக்கு 176 கட்டமாக, மொத்தம் 30,976 கட்டங்களில் அக்குழந்தையின் முகம் பதிந்தது.

இனி நம் பகுதிக்கு வருவோம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. இப்பகுதியின் மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளியும் கொட்டாப்புளியும் பிடித்த கைகள் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. மேற்கே கல்வராயன் மலையில், சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காயும் புளியும் தேனும் சேகரித்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் இருக்கின்றனர். பிழைப்புக்காகப் பெற்றோர் வெளியூர் செல்ல, பாட்டியிடமோ விடுதியிலோ வளரும் பிள்ளைகள் அங்கே பலர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அண்டைப் பகுதிகளிலும் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை நாடே அறியும். தந்தையை இழந்த பிள்ளைகளும், பெற்றோர் இருவரையுமே இழந்த பிள்ளைகளும் அன்று முதல் நம்மிடையே வாழ்கின்றனர். இவர்களுக்கு உணவும் உடையும் கல்வியும் கிடைக்கச் செய்வது முதற்கடமை. அத்துடன், தன் கையால் ஒன்றைச் செய்து முடித்தோம் என்ற நிறைவும் ஒரு குழந்தைக்கு வேண்டும். துயருற்ற பிள்ளை பேச மறுக்கும். ஆனால் பென்சிலைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். அதனாலேயே செலவில்லாத இக்கலையை இங்கே எடுத்துக்கொண்டோம்.

தேவையானவை மிகச் சில. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று, பென்சில், அழிப்பான், நான்கு வண்ணப் பென்சில்கள். கணிப்பொறி இல்லை, மலையில் இணைய வசதி இல்லை என்று தயங்க வேண்டுவதில்லை. 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறியின் திரைச் சின்னங்களை வடித்த சூசன் கேர் என்னும் அம்மையார், கட்டத் தாளில் 32-க்கு 32 சதுரங்களை வகுத்துக்கொண்டு கையால் வரைந்தே தம் பணியைத் தொடங்கினார்.

விதி ஒன்றே ஒன்று: ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம். பாதிக் கட்டம் நிரப்புதல் கூடாது. கட்டத்தைக் கடந்து கோடு இழுத்தலும் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டவர்க்கே இக்கலை வசப்படும்.

முதற் பயிற்சி: கோடு

நேர்க்கோடும் படுக்கைக் கோடும் எவரும் போடுவர். சாய்ந்த கோட்டில்தான் சிக்கல் எழும். முதலில், ஒரு கட்டம் பக்கவாட்டில், ஒரு கட்டம் மேலே என்று மூலைக்கு மூலை தொடும்படி பத்துக் கட்டம் நிரப்புக. அடுத்து, இரண்டு கட்டம் பக்கவாட்டில் நிரப்பி ஒரு வரி மேலேறி, மீண்டும் இரண்டு கட்டம் நிரப்புக. மூன்றாவதாக, மும்மூன்று கட்டமாக ஏறுக. படிகள் ஒரே அளவாக இருந்தால் கோடு வழுவழுப்பாகத் தோன்றும். இரண்டு, ஒன்று, மூன்று, ஒன்று எனத் தாறுமாறாக ஏறினால் உடைந்த படிக்கட்டுப் போலத் தோன்றும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, நோட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஐந்தடி தள்ளி நின்று பிள்ளை தானே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எட்ட நின்று பார்ப்பது ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் தவறாமல் செய்ய வேண்டியது.

இரண்டாம் பயிற்சி: வட்டம்

சதுரத்தால் வட்டம் வரைய இயலுமா என்று பிள்ளைகள் வியப்பர். எட்டுக்கு எட்டுக் கட்டம் எடுத்துக்கொள்க. முதல் வரியில் இடப்புறம் இரண்டும் வலப்புறம் இரண்டும் விட்டு, நடு நான்கை நிரப்புக. இரண்டாம் வரியில் ஓரத்தில் ஒவ்வொன்று விட்டு, ஆறு நிரப்புக. மூன்று முதல் ஆறு வரையுள்ள வரிகளில் எட்டையும் நிரப்புக. ஏழாம் வரி இரண்டாம் வரியைப் போன்றது. எட்டாம் வரி முதல் வரியைப் போன்றது. மொத்தம் 52 கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தாலோ கூடினாலோ எங்கே பிழை என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். கணக்கை வெறுக்கும் பிள்ளையும் இங்கே விரும்பி எண்ணக் காண்பீர்கள்.

மூன்றாம் பயிற்சி: இருபுறமும் ஒத்தல்

ஐந்து கட்ட அகலமும் ஏழு கட்ட உயரமும் உள்ள இடத்தில், நடுவிலுள்ள மூன்றாம் நிரலை மேலிருந்து கீழ்வரை நிரப்புக. பின்னர் மேலிருந்து மூன்றாம் வரியில் ஐந்தையும் நிரப்புக. பதினொரு கட்டத்தில் திருச்சிலுவை எழுந்துவிடும். அகலம் ஐந்தாக இருந்ததால் நடு என்பது ஒரு கட்டத்தில் விழுந்தது. அகலம் நான்காக இருந்திருந்தால் நடு இரு கட்டங்களுக்கு இடையே விழுந்திருக்கும். சிலுவையின் தண்டு ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும். நடுத்தண்டுள்ள வடிவங்களுக்கு ஒற்றைப்படை அகலமே ஏற்றது. இதனை மனத்தில் கொண்டு, குத்துவிளக்கு, குடம், பனைமரம் ஆகியவற்றைப் பிள்ளைகள் தாமே முயலட்டும்.

நான்காம் பயிற்சி: எழுத்து

தமிழெழுத்துகளுள் கட்டத்துக்கு எளிதில் அடங்குவன ‘ட’வும் ‘ப’வும். ஐந்துக்கு ஐந்தில் இடப்புற நிரலையும் அடிவரியையும் நிரப்பினால் ‘ட’; கட்டங்கள் ஒன்பது. அத்துடன் வலப்புற நிரலையும் நிரப்பினால் ‘ப’, கட்டங்கள் பதின்மூன்று. வளைவும் சுழியும் உள்ள ‘இ’, ‘ண’, ‘ஞ’ போன்றவற்றுக்கு இவ்விடம் போதாது. எத்தனை கட்டம் இருந்தால் அவ்வெழுத்துப் படிக்கத் தெளிவாக இருக்கும் என்று பிள்ளைகளே தேடிக் காண்பது நல்ல பயிற்சி. ஒவ்வொரு குழந்தையும் தன் பெயரைக் கட்டத்தில் எழுதி முடிக்கும்போது, தாய்மொழியின் எழுத்தை முதன்முறையாக உற்றுப் பார்த்திருக்கும்.

ஐந்தாம் பயிற்சி: ஒளியும் நிழலும்

முன்பு வரைந்த வட்டத்தை மலை நெல்லிக்காயாக மாற்றுவோம். ஒரே பச்சையின் மூன்று தரங்கள் வேண்டும்: இளம்பச்சை, பச்சை, கரும்பச்சை. பென்சிலை அழுத்தியும் மெல்லத் தடவியும் ஒரே வண்ணத்தில் மூன்றையும் பெறலாம். ஒளி இடப்புற மேல்மூலையிலிருந்து விழுவதாகக் கொள்க. எனவே நிழல் வலப்புறக் கீழ்ப்பகுதியில் நிற்கும். எட்டாம் வரியின் நான்கு கட்டங்களும், ஏழாம் வரியில் ஐந்து முதல் ஏழு வரையுள்ளவையும், ஆறாம் ஐந்தாம் வரிகளில் கடைசி இரண்டும், நான்காம் மூன்றாம் வரிகளில் கடைசி ஒன்றும் கரும்பச்சை. இவை 13. மூன்றாம் வரியின் மூன்றாம் நான்காம் கட்டங்களும், நான்காம் வரியின் மூன்றாம் கட்டமும் இளம்பச்சை. எஞ்சிய 36 கட்டங்கள் பச்சை. தட்டையாய் இருந்த வட்டம் கையில் எடுக்கலாம் போல உருண்டுவிடும்.

தொடங்குவோர் இங்கே பெரும்பாலும் ஒரு பிழை செய்வர். நிழலை ஓரம் முழுவதும் சுற்றிலும் இட்டு, நடுவில் மட்டும் ஒளியை வைப்பர். அவ்வாறு செய்தால் பொருள் தலையணை போல் உப்பித் தோன்றுமே தவிர உருண்டு தோன்றாது. ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்வதே இதற்கு மருந்து.

ஆறாம் பயிற்சி: மலை

கச்சிராயபாளையத்துப் பக்கம் நின்று கல்வராயன் மலையை நோக்கியவர்கள், மலைத்தொடர் அடுக்கடுக்காய் நிற்பதைக் கண்டிருப்பர். அருகிலுள்ள அடுக்குக் கரும்பச்சை. அதற்கப்பால் உள்ளது வெளிறிய பச்சை. தொலைவில் உள்ளது ஏறத்தாழ வானத்தின் நீலம். பதினாறு கட்ட அகலமும் பத்துக் கட்ட உயரமும் எடுத்து, மூன்று நிறத்தில் மூன்று அடுக்குகளை வரைக. தொலைவிலுள்ளதை முதலில் வரைந்து, அருகிலுள்ளதைக் கடைசியில் வரைதல் எளிது. மலையின் சரிவு நேர்க்கோடன்று. உச்சியை நெருங்க நெருங்கச் சாயும். ஆகவே படிகளை ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனச் சிறிது சிறிதாக நீட்டுக. மலையில் பிறந்த பிள்ளைக்கு இப்பயிற்சியில் நகரத்துப் பிள்ளையைவிட நல்ல கண் இருக்கும். வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அப்பிள்ளை இந்த ஒன்றிலாவது பிறருக்குச் சொல்லிக்கொடுக்க வாய்ப்பளிப்பது ஆசிரியரின் கடமை.

ஏழாம் பயிற்சி: குறைத்தல்

ஒரே பொருளைப் பதினாறுக்குப் பதினாறில் ஒருமுறையும், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் ஒருமுறையும், எட்டுக்கு எட்டில் ஒருமுறையும் வரைக. பசுமாடு என்று வைத்துக்கொள்வோம். பெரிய கட்டத்தில் கொம்பு, காது, கண், மடி, வால் எல்லாம் இடம்பெறும். எட்டில் எல்லாவற்றுக்கும் இடமில்லை. எதை விட்டாலும் பசுவாக இருக்கும், எதை விட்டால் நாயாகிவிடும் என்று முடிவு செய்தாக வேண்டும். இக்கலையின் உயிர்நிலை இம்முடிவில் இருக்கிறது.

1981-இல் சிகேரு மியாமோட்டோ என்னும் ஜப்பானியர், பின்னாளில் மாரியோ என உலகப் புகழ்பெற்ற விளையாட்டு உருவத்தை வரைந்தபோது, வாய் வரையக் கட்டம் போதவில்லை. மீசை வைத்தார், மூக்கும் எடுப்பாயிற்று. தலைமுடி வரைய இயலவில்லை, தொப்பி வைத்தார். குறையிலிருந்தே அடையாளம் பிறந்தது. 1999-இல் சிகேதாக்கா குரித்தா என்பவர் கைப்பேசிக்கென 176 சின்னங்களைப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டத்துக்குள் வடித்தார். இன்று நாம் செய்தியோடு அனுப்பும் சிரித்த முகங்களுக்கு முன்னோடிகளுள் அவையும் அடங்கும்.

எட்டாம் பயிற்சி: அசைவு

அகல்விளக்கு ஒன்றை மூன்று முறை வரைக. அகல் மூன்றிலும் இம்மியும் மாறக்கூடாது. சுடரின் நுனிக் கட்டம் மட்டும் முதற்படத்தில் இடப்புறமும், இரண்டாவதில் நடுவிலும், மூன்றாவதில் வலப்புறமும் இருக்கட்டும். நோட்டின் அடுத்தடுத்த தாள்களில் ஒரே மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்ற வரிசையில் பலமுறை வரைந்து, தாள்களை விரலால் விரைந்து புரட்டினால் சுடர் ஆடும். கைப்பேசி விளையாட்டில் ஓடும் உருவங்களும் இவ்வாறே ஓடுகின்றன என்பதை அறிந்த பிள்ளை, அன்று முதல் அவ்விளையாட்டை வேறு கண்ணால் பார்க்கும்.

இவை அனைத்தையும் குடும்பமாய் ஆடக்கூடிய விளையாட்டாகவும் ஆக்கலாம். ஒருவர் தம் படத்தை மறைத்து வைத்து வரி வரியாகச் சொல்ல வேண்டும். மற்றவர் பாராமல் கேட்டு வரைய வேண்டும். சிலுவையின் முதல் வரியை “இரண்டு விடு, ஒன்று நிரப்பு, இரண்டு விடு” என்றும், மூன்றாம் வரியை “ஐந்தும் நிரப்பு” என்றும் சொல்லலாம். கணிப்பொறி படங்களைச் சேமித்து வைக்கும் முறைகளுள் இதுவும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதில் கலந்துகொள்ளலாம்; புள்ளி எண்ணிப் பழகிய அவரே பெரும்பாலும் வெல்வார். ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் அரைமணி நேரம் இவ்விளையாட்டை நடத்துமாறு பங்கு இளைஞரையும் கேட்டுக்கொள்கிறோம்.

நாளொன்றுக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு ஒரு பயிற்சி என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் எட்டும் முடியும். விரைவுபடுத்த வேண்டா. நிறங்களை நான்குக்கு மேல் பெருக்க வேண்டா. பிறர் படத்தைப் பார்த்து நகலெடுப்பதைவிட, வீட்டு அடுக்களையிலும் தோட்டத்திலும் உள்ள பொருளைப் பார்த்து வரைவதே சிறப்பு.

நோட்டில் கை பழகியபின் கணிப்பொறிக்கு வரலாம். லிப்ரெஸ்பிரைட் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் கணிப்பொறியிலுள்ள பெயிண்ட் கூடத் தொடக்கத்துக்குப் போதும். படத்தின் அளவைப் பதினாறுக்குப் பதினாறாகக் குறித்து, திரையில் பெரிதாக்கி வைத்து, ஒரு கட்டம் அளவுள்ள பென்சில் கருவியால் மட்டும் வரைக. சேமிக்கையில் பி.என்.ஜி. முறையைத் தேர்க, ஜே.பி.ஜி. முறை கட்டங்களின் ஓரத்தைக் கலங்கச் செய்துவிடும். படத்தைப் பெரிதாக்க வேண்டுமாயின் இரு மடங்கு, மும்மடங்கு என முழு எண்ணிலேயே பெருக்குக. ஒன்றரை மடங்கு ஆக்கினால் கட்டங்கள் சமமின்றிப் போகும்.

இக்கலையைக் கற்றவுடன் வேலை கிடைத்துவிடும் என்று நாம் ஆசை காட்டவில்லை. ஆயினும் தையல், நெசவு, மரச்சிற்பம், அச்சு, கணிப்பொறி எனப் பிள்ளை பின்னர் எத்தொழிலுக்குச் சென்றாலும், இங்கே பெற்ற எண்ணிக்கையும் ஒழுங்கும் பொறுமையும் உடன்வரும். மரச்சிற்பி ஒருமுறை செதுக்கி எடுத்த சில்லை மீண்டும் ஒட்ட முடியாது. கட்ட ஓவியத்திலோ அழிப்பான் இருக்கிறது. பிழை செய்து திருத்திப் பழகுவதற்கு இதனினும் எளிய பள்ளி இல்லை.

ஆண்டவர் கூறிய தாலந்து உவமையில், ஒரே தாலந்தைப் பெற்றவன் அஞ்சி அதைப் புதைத்துவிட்டான். நம் மலைப் பிள்ளைகளிடமும், துயருற்ற இல்லங்களின் பிள்ளைகளிடமும் புதைந்து கிடக்கும் தாலந்துகள் எத்தனையோ. ஒரு கணக்கு நோட்டும் நான்கு பென்சிலும் பெரிய செலவன்று. இவ்விதழைப் படிக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் தன் பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கும்போது, நோட்டு வாங்கித்தர ஆளில்லாத மற்றொரு பிள்ளைக்கும் ஒன்று சேர்த்து வாங்கட்டும். வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், அப்பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து முதற்கோட்டை உடன் வரையவும் வேண்டுகிறோம்.